மேன்முறையீட்டில் தோற்ற இரண்டு வாக்குறுதிகள்

1914 ஜூன் 4ஆம் திகதி கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் ஒரு தீர்ப்பளித்தார். கம்பளை வல்லஹாகொட தேவாலயத்தின் பெரஹெரா ஊர்வலம், அம்பகமுவ வீதியிலுள்ள பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளத்தை நிறுத்தத் தேவையில்லை என்பது அதன் சாரம். எட்டு மாதம் கழித்து, 1915 பெப்ரவரி 2இல், உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. மே 28 இரவு, வெசாக் நாளில், கண்டியில் கலவரம் மூண்டது.

இந்த மூன்று திகதிகளையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு, ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது என்று சொல்லி முடிப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். யுத்தகால விலையேற்றம், சில்லறை வியாபாரத்தில் வெளியூர்க்காரர் மீதிருந்த காய்ச்சல், மதுவொழிப்பு இயக்கத்தின் வேகம் என்று கலவரத்துக்கு வேறு எரிபொருள்களும் இருந்தன. இந்தக் கட்டுரையின் அக்கறை கலவரத்தின் காரணம் பற்றியது அல்ல. ஓர் ஊரின் சச்சரவு, படித்த பெருந்தகைகளின் கைக்குப் போய், மேன்முறையீட்டு மன்றங்களின் படியேறும்போது அதற்கு என்ன நேர்கிறது என்பதே என் கேள்வி. கம்பளையோடு தொடர்புடைய இரண்டு மேன்முறையீடுகள் இந்தக் கேள்விக்கு நல்ல சாட்சிகள். ஒன்று 1915இல் முடிந்தது. மற்றது 1953இல் லண்டனில் முடிந்தது. முதலாவது சிங்கள பௌத்தருடையது, இரண்டாவது மலையகத் தமிழருடையது. இரண்டையும் ஒருசேர வைத்துப் படிப்பவர் குறைவு.

முதலில் பெரஹெரா. அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலைப் பேணியவர்கள் கரையோரச் சோனகர்: தென்னிந்தியாவிலிருந்து வந்து வியாபாரம் செய்தவர்கள், வீட்டில் தமிழ் பேசியவர்கள். தொழுகை இடத்துக்கு முன்னால் மேளமும் குழலும் ஒலிக்கக் கூடாது என்பது அவர்கள் கோரிக்கை. பெரஹெரா அந்த வீதியில் போவது பழைய வழமை என்பது தேவாலயத்தின் வாதம். 1912இல் அரசாங்க அதிபர் ஒரு சமரசம் செய்தார். ஊர்வலம் போகலாம், பள்ளிவாசலுக்கு இருபுறமும் குறித்த தூரத்துக்கு இசை கூடாது என்றார். தேவாலயப் பொறுப்பாளரான பஸ்நாயக்க நிலமே அந்த நிபந்தனையை ஏற்கவில்லை. அந்த ஆண்டு பெரஹெரா நடக்கவில்லை. அவர் வழக்குப் போட்டார். பிரதிவாதி பள்ளிவாசல் அல்ல, அரசு. பெரஹெராவும் தொழுகையும் மோதிக்கொண்ட விவகாரத்தில் தொழுபவர்களின் குரல், அரசு என்ன சொல்லத் தீர்மானித்ததோ அந்த அளவில்தான் ஒலிக்க முடிந்தது.

அரசை எதிர்த்து நிற்க வேண்டுமென்றால் வீதி வழமை மட்டும் போதாது, அதைவிடப் பெரிய ஆயுதம் வேண்டும். அந்த ஆயுதம் 1815 மார்ச் 2இல் எழுதப்பட்ட கண்டி உடன்படிக்கை. கண்டிப் பிரதானிகளும் பிரிட்டிஷ் ஆளுநர் பிரவுன்றிக்கும் ஒப்பமிட்ட அந்த ஆவணத்தின் 5ஆம் பிரிவு, புத்த சமயம் மீறப்படாதது, அதன் சடங்குகளும் குருமாரும் வழிபாட்டிடங்களும் காக்கப்படும் என்று வாக்களித்தது. 1818 கிளர்ச்சியை அடக்கிய பின் வந்த பிரகடனம் இதைச் சற்றே இளக்கியது. பௌத்த சடங்குகளுக்கும் ஊர்வலங்களுக்கும் முன்னைய மரியாதை கிடைக்கும் என்று சொல்லிவிட்டு, அதே பிரிவில் மற்றச் சமயத்தாரின் அமைதியான வழிபாட்டுக்கும் அரசின் பாதுகாப்பு மறுக்கப்படாது என்றது. ஊர்வலமும் பக்கத்து வீட்டுத் தொழுகையும் ஒரே பிரிவில் பேசப்படுவதைப் பாருங்கள். அம்பகமுவ வீதிச் சச்சரவின் இரண்டு தரப்பும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அந்தப் பிரகடனத்தில் இடம்பிடித்திருந்தன.

இப்படிப்பட்ட வழக்கைக் கேட்பதற்கு போல் பீரிஸைவிடப் பொருத்தமான ஆளைத் தேடிப் பிடிக்க முடியாது. கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரியில் படித்தவர், பாரிஸ்டர், சிவில் சேவையாளர். எல்லாவற்றுக்கும் மேலாக வரலாற்றாசிரியர். இலங்கையின் போர்த்துக்கேயர் காலம் பற்றிய அவருடைய பெரிய நூல் வெளிவந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. கண்டி இராச்சியத்தின் கடைசிக் காலத்தைப் பற்றிப் பிற்காலத்தில் இரண்டு நூல்கள் எழுதியவரும் அவர்தான். 1815 ஆவணத்தை அவர் ஓர் உயிருள்ள ஒப்பந்தமாகப் படித்தார். ஒரு தரப்பு தன் அரசைக் கையளித்தது, மறுதரப்பு அதற்கு ஈடாகச் சில வாக்குகள் கொடுத்தது, அந்த வாக்கு இன்னும் செல்லும் என்பது அவருடைய பார்வை.

உயர் நீதிமன்றம் அதே ஆவணத்தை வேறு அலமாரியில் வைத்தது. உடன்படிக்கை என்ன சொல்லியிருந்தாலும், அதற்குப் பிறகு சட்டவாக்க சபை பொலிஸ் கட்டளைச் சட்டமும் உள்ளூராட்சிக் கட்டளைச் சட்டமும் இயற்றியிருக்கிறது. வீதியில் இசைக்கு அனுமதி கொடுக்கவும் மறுக்கவும் அவை அதிகாரிக்கு இடமளிக்கின்றன. அவை எல்லோருக்கும் பொதுவானவை. ஆகவே எவருக்கும் விலக்கில்லை. சட்டத்தருக்கமாக இதில் ஓட்டை காண்பது கடினம். பீரிஸ் வரலாற்றைக் கேட்டார், மேல் மன்றம் கடைசியாக வந்த சட்டம் எது என்று கேட்டது. இரண்டுமே படித்தவர்களின் கேள்விகள். பஸ்நாயக்க நிலமேயின் கேள்வியும் சோனகரின் கேள்வியும் இவ்விரண்டிலும் இல்லை. அடுத்த எசல மாதப் பெரஹெராவில் மேளக்காரர் எந்த இடத்தில் கையை எடுக்க வேண்டும், இஷாத் தொழுகை நேரம் எது, யார் யாரிடம் பேசுவது என்பவையே ஊரின் கேள்விகள்.

இது கம்பளைக்கு மட்டும் வந்த தலைவலி அல்ல. சேலத்தில் 1882இல் பள்ளிவாசலும் ஊர்வல இசையும் கலவரமாகி, உள்ளூர் வழக்கறிஞர் சி. விஜயராகவாச்சாரியாரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. பத்தாண்டுத் தண்டனை பெற்ற அவர், மதராஸின் பேர்பெற்ற பாரிஸ்டர் எர்ட்லி நார்ட்டன் துணையோடு மேன்முறையீட்டில் விடுதலையானார். வடக்கே ஐக்கிய மாகாணத்து ஔரங்காபாத்தில் ஷியா ஊர்வலத்துக்கும் சுன்னிப் பள்ளிவாசலுக்கும் இடையே இதே வகைத் தகராறு. அது பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் கடைசி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போய் 1924இல் தீர்ந்தது. பொது வீதியில் சமய ஊர்வலத்தைத் தன் சடங்குகளோடு நடத்தும் உரிமை உண்டு, மாஜிஸ்திரேட்டின் சட்டபூர்வமான கட்டளைக்கு அது உட்பட்டது என்று லண்டன் சொன்னது. உரிமையும் உண்டு, அதிகாரியின் தடுக்கும் கையும் உண்டு. சுற்றிச் சுற்றி 1912இல் கம்பளை விவகாரத்தில் அரசாங்க அதிபர் நின்ற இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1915இல் தோற்ற தரப்பும் பிரிவிக் கவுன்சிலுக்குப் போக ஆயத்தம் செய்தது. மேன்முறையீடு என்றால் என்ன என்பதை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அக்காலத்தில் கட்சிக்காரர் அப்புக்காத்தை நேரே அமர்த்த முடியாது. முதலில் ஊர்ப் பிறக்கிராசி, அவர் மூலம் கொழும்பு அப்புக்காத்து. லண்டன் என்றால் அங்கேயுள்ள சொலிசிட்டர், அவர் பிடித்துக் கொடுக்கும் பாரிஸ்டர், அவருக்கும் மேலே பட்டுமேலங்கி அணிந்த கிங்ஸ் கவுன்சல். ஒவ்வொரு கை மாறும்போதும் விஷயம் சுருங்கும், மெருகேறும், ஆங்கிலமாகும். டவுனிங் வீதியிலிருந்த பிரிவிக் கவுன்சில் அறையில் சாட்சி ஏறுவதில்லை. அச்சடித்த பதிவேடு ஒன்றுதான் பேசும். கம்பளையில் மேளம் எப்படி ஒலித்தது, பள்ளிவாசல் படிக்கட்டில் நின்றவர் முகம் எப்படியிருந்தது என்பதெல்லாம் கீழ் நீதிமன்றத்தில் பதிவாகியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பெரிய வழக்கறிஞர் செய்யும் முதல் வேலை, கட்சிக்காரரின் குறையை நீதிமன்றம் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக மாற்றுவது. அது தேவையான வேலை, அருமையான வேலையும்கூட. ஆனால் நீதிமன்றம் அந்தக் கேள்விக்குத்தான் பதில் தரும். குறை அப்படியே ஊரில் கிடக்கும்.

மாதக்கணக்கில் காத்திருக்கும் பொறுமை ஆவணங்களுக்கு உண்டு, மனிதர்களுக்கு இல்லை. மே 28இல் கண்டியில் தொடங்கிய வன்முறை தென்மேற்கு முழுவதும் பரவி, சோனகரின் 4,000க்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. ஜூன் 2இல் இராணுவச் சட்டம் வந்தது. அன்றைய ஆளுநர் சர் ரொபேர்ட் சாமர்ஸ் பாலி மொழி அறிஞர். ஜாதகக் கதைகளை ஆங்கிலமாக்கியவர். பௌத்த இலக்கியத்தில் தோய்ந்த அந்த மனிதரின் ஆட்சியில்தான் சிங்களத் தலைவர்கள் சிறைவைக்கப்பட்டார்கள், பலர் சுடப்பட்டார்கள். அந்த ஒடுக்குமுறையைச் சட்டசபையில் பொன்னம்பலம் இராமநாதன் கண்டித்ததையும், 1916இல் அதுபற்றி லண்டனில் நூல் வெளியிட்டதையும் நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். முன்னாள் சொலிசிட்டர் ஜெனரல், கிங்ஸ் கவுன்சல் என்ற தகுதிகள் அவர் பேச்சுக்குப் பாரம் சேர்த்தன. கடைகளை இழந்த சோனகர் அந்தப் பேச்சில் தங்களுக்கு என்ன இருந்தது என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

பெரஹெரா வழக்குக்குக் கால் நூற்றாண்டு கழித்து, அதே கம்பளையில் வேறொரு கூட்டம் கூடியது. 1939 ஜூலையில் நேருவின் வருகையையொட்டிக் கொழும்பில் உருவான இலங்கை இந்தியன் காங்கிரஸ், 1940 செப்டம்பரில் தன் மாநாட்டைக் கம்பளையில் நடத்தியது. பெரி சுந்தரம் அந்த மாநாட்டின் முன்னணி முகம். மலையகத் தமிழரிடையே எழுந்த முதல் தலைமுறைச் சட்ட வல்லுநர் அவர். கண்டி டிரினிட்டிக் கல்லூரி, கேம்பிரிட்ஜ், பிறகு பாரிஸ்டர். 1931இல் ஹட்டனிலிருந்து அரசாங்க சபைக்குப் போட்டியின்றித் தெரிவாகி 1936 வரை தொழில் அமைச்சராக இருந்தவர். அதற்கு முன்பே பொன்னம்பலம் அருணாசலத்தோடு சேர்ந்து, தொழிலாளரைக் கடன் சீட்டால் கட்டிவைத்த துண்டு முறைக்கும் கூலிகளைச் சிறையிலிடும் சட்டப் பிரிவுகளுக்கும் எதிராகப் பாடுபட்டவர். காங்கிரஸின் கம்பளைக் கிளைக்குத் தலைவராக இருந்த இளைஞர் சௌமியமூர்த்தி தொண்டமான், கம்பளைப் புனித அந்திரேயர் பாடசாலையில் படித்தவர். பாரிஸ்டர் பட்டம் இல்லாத அவர்தான், பெரி சுந்தரத்தின் தலைமுறை முடித்த இடத்திலிருந்து அறுபது ஆண்டுகள் இழுத்துக்கொண்டு போனார்.

1946 குடிசனக் கணக்கில் இந்தியத் தமிழர் சுமார் 7,80,000 பேர். 1947 தேர்தலில் காங்கிரஸ் 7 ஆசனங்கள் வென்றது. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தாலும் போதாது. தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. கோப்பித் தோட்டக் காலத்தில் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் கொண்டுவரச் சொல்வது யாரை வாட்டும் என்பது சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? 1949இல் இரண்டு சட்டங்கள் தொடர்ந்தன. 3ஆம் இலக்கச் சட்டம் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் விண்ணப்பித்துப் பிரசாவுரிமை பெற ஒரு வாசலைத் திறந்தது. 48ஆம் இலக்கச் சட்டம் பிரசைகளுக்கே வாக்குரிமை என்றது.

மலையகத்தின் கையிலிருந்த ஆயுதம், சுதந்திர இலங்கையின் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு. ஒரு சமூகத்துக்கோ சமயத்துக்கோ மற்றவர்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டை விதிக்கும் சட்டம் செல்லாது என்று அது சொன்னது. இதன் வரைவில் சர் ஐவர் ஜென்னிங்ஸின் கை இருந்தது. அவர் பிற்பாடு கம்பளைக்கு அருகே பேராதனையில் பல்கலைக்கழகத்தைக் குடியேற்றிய துணைவேந்தர். 1815இன் 5ஆம் பிரிவைப் போலவே, ஆட்சி கைமாறும் நேரத்தில் அச்சத்தோடு இருந்தவர்களுக்குக் கொடுத்த வாக்கு இது.

இந்தச் சட்டங்களை எதிர்த்த வழக்கு கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லத் தொகுதியில் தொடங்கியது. கோடக்கன் பிள்ளை என்பவரின் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கப் பதிவு அதிகாரி மறுத்தார். மீளாய்வு அதிகாரி சிவஞானசுந்தரம், 1948, 1949 சட்டங்கள் 29ஆம் பிரிவை மீறுவதால் செல்லாதவை என்று கண்டு பெயரைச் சேர்க்கச் சொன்னார். இடாப்பு பார்க்கும் ஓர் அதிகாரி பாராளுமன்றச் சட்டத்தைச் செல்லாது என்று சொன்னதன் துணிச்சலை நம் வரலாற்றெழுத்து போதுமான அளவு பாராட்டவில்லை. 1951இல் உயர் நீதிமன்றம் அந்த முடிவை இரத்துச் செய்தது. சட்டத்தின் வாசகம் தெளிவாக இருக்கிறது, எல்லோருக்கும் ஒன்றாகவே பொருந்துகிறது, அதற்குப் பின்னால் இருக்கும் நோக்கத்தைத் தோண்ட வேண்டியதில்லை என்பது அதன் நிலை. பொலிஸ் கட்டளைச் சட்டம் எல்லோருக்கும் பொது என்று 1915இல் சொல்லப்பட்ட அதே தருக்கம், வேறு சமூகத்தின் கழுத்தில் விழுந்தது.

மேன்முறையீடு லண்டனுக்குப் போனது. 1953இல் பிரிவிக் கவுன்சிலின் முடிவை அறிவித்தவர் ஒக்ஸ்பேர்ட்டில் படித்த ஓக்ஸி பிரபு. ஜெஃப்ரி லாரன்ஸ் என்ற பெயரில் 1945-46இல் நூரம்பேர்க் நாற்காலியில் அமர்ந்து நாஜித் தலைவர்களை விசாரித்த நீதிபதி இவரே. ஒரு சமூகத்தின் பிரசாவுரிமையைப் பறிப்பதில் தொடங்கிய கொடுமை எங்கே போய் முடியும் என்பதை அவரளவுக்கு ஆவணமாகக் கண்டவர் அன்று உலகில் சிலரே. அதைச் சொல்லும்போது ஒப்பிட முடியாதவற்றை நான் ஒப்பிடுவதாக எண்ண வேண்டாம். அவர் மேசைக்கு வந்த கேள்வி வேறு, கோப்பு வேறு.

அவருடைய தீர்ப்பில் இரண்டு இழைகள் உண்டு. வெளிப்பார்வைக்கு எல்லோருக்கும் பொதுவான சட்டமும், சுற்றுவழியில் தடுக்கப்பட்ட விளைவையே கொண்டுவருமானால் செல்லாததாகலாம் என்று பிரிவிக் கவுன்சில் ஒப்புக்கொண்டது. இது உயர் நீதிமன்றத்தின் நிலையைவிட ஒரு படி முன்னேற்றம். மற்ற இழை கசப்பானது. தன் பிரசைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டுச் சட்டசபையின் இயல்பான வேலை; இந்தியத் தமிழரின் இடம்பெயரும் பழக்கம் அவர்களின் தகுதிக்குத் தொடர்புடைய உண்மை, அதற்கும் அவர்கள் ஒரு சமூகம் என்பதற்கும் சம்பந்தமில்லை என்றது. ஆதாரமாகச் சோல்பரி ஆணைக்குழு அறிக்கையின் பந்திகளைச் சுட்டியது. விண்ணப்ப வாசலைத் திறந்த 1949 சட்டத்தையும் அரசின் நல்லெண்ணத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டது.

நான் தடுக்கி விழும் இடம் இதுதான். போய்வரும் பழக்கம் உண்டு என்று அந்த ஆணைக்குழு எழுதிய பந்தி, லயங்களில் மூன்று தலைமுறையாகப் பிறந்து இறந்தவர்களின் வாழ்க்கைக்கு ஈடாக நின்றது. ஏன்? வழக்கு பிறந்தது வாக்காளர் இடாப்பில் ஒரு பெயர் பற்றிய விசாரணையில். எத்தனை பேர் இங்கே பிறந்தவர்கள், எத்தனை பேர் ஊர் திரும்பவே இல்லை, பிறப்புப் பதிவு தோட்டங்களில் எப்படி நடந்தது என்ற சாட்சியங்களை அடுக்க அது ஏற்ற மேடை அல்ல. வெறும் பதிவேட்டோடு லண்டன் போனால் எவ்வளவு பெரிய பாரிஸ்டரும் பொதுக் கோட்பாட்டைத்தான் பேச முடியும். நல்லெண்ண வாசல் என்று புகழப்பட்ட சட்டத்தின் கதியும் அப்போது தெரியவில்லை. சுமார் 2,37,000 விண்ணப்பங்கள், 8 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் சார்பில் போயின. பதினைந்து ஆண்டு கழிந்தும் பிரசாவுரிமை கிட்டியவர் சுமார் 1,34,000 பேரே. இந்தக் கணக்கு 1953இல் நீதிமன்றத்தின் முன் இருந்திருக்க வழியில்லை. பெரஹெரா வழக்கிலோ கீழ் மன்றத்தில் வரலாறு தாராளமாகப் பதிவாயிற்று, அப்படியும் தோற்றது. ஆகவே பதிவேடு ஒன்றே வெற்றிக்கு உத்தரவாதம் என்று நான் வாதிட மாட்டேன். அது இல்லாமல் வழியே இல்லை என்று மட்டும் சொல்வேன்.

வென்ற மேன்முறையீட்டுக்கும் ஓர் உதாரணம் உண்டு. அரச எழுதுவினைஞர் கோடீஸ்வரன், சிங்களத் தேர்ச்சி இல்லாததால் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டதை எதிர்த்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி டி கிரெட்சர், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய அரசகரும மொழிச் சட்டமே செல்லாது என்றார். உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்கு வழக்காட முடியாது என்று அரசியலமைப்புக் கேள்வியைத் தொடாமலே தள்ளியது. 1969 டிசம்பரில் பிரிவிக் கவுன்சில், வழக்காட முடியும் என்று தீர்த்து, 29ஆம் பிரிவுக் கேள்வியைத் திருப்பியனுப்பியது. கோடீஸ்வரன் வென்றார். அந்தக் கேள்விக்குக் கடைசிவரை பதில் வரவில்லை. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீடு நிறுத்தப்பட்டது. 1972 அரசியலமைப்பில் 29ஆம் பிரிவே இல்லை. 1964இல் ரணசிங்க வழக்கில் பிரிவிக் கவுன்சிலின் தீர்ப்பை அறிவித்த பியர்ஸ் பிரபு, குடிமக்களுக்கிடையிலான உரிமைச் சமநிலை என்று அந்தப் பிரிவை மாற்ற முடியாததாகப் பேசியிருந்தார். எட்டே ஆண்டில் அது போயிற்று.

மலையகத்தின் பிரசாவுரிமை நீதிமன்றத்தில் மீளவில்லை. 1964 அக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. மிஞ்சிய 1,50,000 பேர் 1974இல் பாதிபாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். 1986, 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்கள் பாராளுமன்றத்தில் வந்தவை. வாக்குப் பலமும் தொழிற்சங்கப் பேரமும் அவற்றைக் கொண்டுவந்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தை எந்தக் கட்சியும் எதிர்க்கவில்லை.

இதனால் வழக்காடியது வீண் என்று நான் எழுத வரவில்லை. சுற்றுவழி விளைவும் செல்லாததாகலாம் என்று லண்டன் ஒப்புக்கொண்டது அந்த மேன்முறையீட்டின் பயன். இன்னும் எடுத்தாளத் தக்க கோட்பாடு அது. என் குறை வேறு. பிரபுக்களின் தீர்ப்பு சட்ட நூலகம் எங்கும் கிடைக்கிறது. 1949க்கும் 1951க்கும் இடையில் பிறக்கிராசிமாரும் தோட்டக் கணக்கப்பிள்ளைமாரும் உட்கார்ந்து எழுதிய விண்ணப்பங்கள், நிராகரிப்புக் கடிதங்கள், ஆணையாளரின் விசாரணை அழைப்புகள் ஆகியவற்றின் பிரதிகள் எங்கே? கம்பளை, புசல்லாவை, நாவலப்பிட்டிப் பக்கத்து வீடுகளில் தகரப் பெட்டிகளுக்குள் அவை இருக்குமானால், கறையான் தின்னுமுன் கண்டியிலுள்ள தேசிய சுவடிக்கூடக் கிளைக்கோ பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்துக்கோ கொடுத்துவிடுங்கள். கொடுக்க மனமில்லாதவர்கள் ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.